ஒழுக்கப் பாடத்துக்கு 80 மார்க்... சீனப் பள்ளிகளில் என்ன மாறியது, எது மாறவில்லை?

2024 மார்ச் 10. சீனாவின் ஹெபெய் மாகாணத்தில், ஹன்டான் நகரத்தை ஒட்டிய கிராமப்புறப் பகுதி. 13 வயது பள்ளி மாணவன் ஒருவனைக் காணவில்லை என்று குடும்பம் தேட ஆரம்பித்தது. மறுநாள், கைவிடப்பட்ட காய்கறிப் பசுமைக்குடில் ஒன்றில் புதைக்கப்பட்ட நிலையில் அவன் உடல் கிடைத்தது. கைதானது மூன்று பேர். மூவரும் அவனுடன் படித்தவர்கள். மூவருக்குமே 14 வயது நிரம்பவில்லை.

அந்த மாணவன் பள்ளியில் நீண்ட நாட்களாகத் துன்புறுத்தப்பட்டான் என்று குடும்பத்தினர் குற்றம்சாட்டினார்கள். சம்பந்தப்பட்ட சிறுவர்கள் அனைவரும் ‘விட்டுச்செல்லப்பட்ட குழந்தைகள்’, அதாவது பெற்றோர் வேலை தேடி வெளியூர் போய்விட, தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர்கள் என்று செய்திகள் வந்தன. சமூக வலைதளங்கள் கொந்தளித்தன. முதலில் கேட்கப்பட்டது தண்டனை. அடுத்து கேட்கப்பட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம்: பள்ளியில் இவர்களுக்கு என்னதான் சொல்லிக் கொடுத்தார்கள்?

கேள்வி நியாயமானது. ஏனென்றால் சொல்லிக் கொடுக்காமல் இல்லை. வயதைக் கணக்குப் போட்டால், அந்த மாணவர்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது ஏறக்குறைய 2017-ஐ ஒட்டி. நாடு முழுவதற்கும் ஒரே ஒழுக்கப் பாடநூல் என்று சீன அரசு கொண்டுவந்தது அந்த 2017 செப்டம்பரில்தான். ‘ஒழுக்கமும் சட்டத்தின் ஆட்சியும்’ என்ற பாடத்தோடு பள்ளி வாழ்க்கையைத் தொடங்கிய முதல் தலைமுறை அது.

பாடத்தின் பெயர் ஏன் மாறியது?

சீனாவில் ஒழுக்கக் கல்வி என்பது ஓரத்தில் கிடக்கும் பீரியட் அல்ல. ஆட்சி மாறிய நாளிலிருந்தே அரசின் நேரடிப் பொறுப்பு. 1949-ல் உருவான பொதுத் திட்டத்திலேயே ‘ஐந்து நேசங்கள்’ இடம்பெற்றன: தாய்நாடு, மக்கள், உழைப்பு, அறிவியல், பொதுச்சொத்து. கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் ஒழுக்கம் என்றால் அரசியல்தான், வேறு எதுவும் இல்லை. அந்தப் புயல் ஓய்ந்த பிறகு, 1981-ல் தொடக்கப் பள்ளிகளில் தனி ஒழுக்கப் பாடம் நாடு முழுக்க வந்தது.

அதன்பிறகு நடந்த சீர்திருத்தங்களை வரிசையாக எழுதினால் பட்டியல் நீளும். இரண்டு திருப்பங்கள் போதும். ஒன்று 2001, இன்னொன்று 2016.

2001-ல் பாடத்திட்டமே மொத்தமாக மாற்றப்பட்டது. தொடக்கப் பள்ளியின் முதல் இரண்டு வகுப்புகளுக்கு ‘ஒழுக்கமும் வாழ்க்கையும்’, மூன்று முதல் ஆறு வரை ‘ஒழுக்கமும் சமூகமும்’ என்று புதிய பாடங்கள் வந்தன. இதன் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் நான்ஜிங் நார்மல் பல்கலைக்கழகப் பேராசிரியர் லூ ஜியே. ஒழுக்கம் என்பது மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற அறிவு அல்ல. குழந்தை வாழ்கிற வாழ்க்கைக்குள்தான் அது பிறக்கிறது, அங்கேதான் வளர வேண்டும் என்பது அவர் வாதம். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் மாவீரர் கதைகளாலும் முழக்கங்களாலும் நிரம்பியிருந்த ஒரு பாடத்துக்கு இது பெரிய உலுக்கல்.

அவரே பின்னாளில், 2017-ல் வந்த ஒரே தேசியப் பாடநூலின் தொடக்கப் பள்ளிப் பகுதிக்குத் தலைமைப் பதிப்பாசிரியரானார். 2020 டிசம்பரில், 90 வயதில் காலமானார். அதனால் இன்றைய புத்தகத்தைப் புரட்டினால் அவர் கை தெரியும். ஒன்றாம் வகுப்புப் புத்தகம் கட்சியில் தொடங்கவில்லை. சந்தோஷமாகப் பள்ளிக்குப் போவது, பள்ளி மணி அடித்தால் என்ன செய்வது, வீட்டில் எது ஆபத்து என்று போகிறது. ஏழாம் வகுப்பில் வாழ்வையும் மரணத்தையும் யோசிக்கச் சொல்லும் ஒரு அலகு இருந்தது. வெளியில் இருந்து பார்ப்பவர்கள் ‘எல்லாமே பிரசாரம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவதுண்டு; புத்தகத்தைத் திறந்து பார்த்தால் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது.

இரண்டாவது திருப்பம் 2016. தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் தனித்தனிப் பெயர்களில் இருந்த பாடங்கள் அனைத்தும் ‘ஒழுக்கமும் சட்டத்தின் ஆட்சியும்’ என்று ஒரே பெயருக்கு வந்தன. சட்டத்தைத் தேசியக் கல்விக்குள் கொண்டுவர வேண்டும் என்று 2014-ல் கட்சியின் மத்தியக் குழு எடுத்த முடிவின் தொடர்ச்சி இது. ஆறாம் வகுப்பின் முதல் பருவப் புத்தகமும் எட்டாம் வகுப்பின் இரண்டாம் பருவப் புத்தகமும் முழுக்க முழுக்க சட்டத்துக்கே ஒதுக்கப்பட்டன. அரசியல் சாசனம், உரிமை, கடமை எல்லாம் அதில்.

கீழே விழுந்தவரைத் தூக்கிவிடலாமா?

‘சட்டம்’ என்ற சொல் ஒழுக்கப் பாடத்தின் பெயருக்குள் நுழைந்ததற்கு மேலிடத்து முடிவு மட்டும்தான் காரணம் என்றில்லை. தெருவிலும் ஒரு காரணம் இருந்தது.

2006-ல் நான்ஜிங் நகரப் பேருந்து நிறுத்தம் ஒன்றில் கீழே விழுந்த ஒரு மூதாட்டியை ஒரு இளைஞர் தூக்கிவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். இடித்துத் தள்ளியதே அவர்தான் என்று மூதாட்டி வழக்குப் போட்டார். 2007-ல் தீர்ப்பு வந்தது: செலவில் 40 சதவீதத்தை, சுமார் 45,000 யுவானை, இளைஞர் கொடுக்க வேண்டும். தொகையைவிட மக்களைச் சுட்டது தீர்ப்பின் தர்க்கம்தான். இடிக்காதவர் இவ்வளவு தூரம் உதவி செய்திருக்க மாட்டார் என்ற தொனியில் இருந்தது அது. மோதல் நடந்ததை அந்த இளைஞரே ஒப்புக்கொண்டார் என்று 2012-ல் அதிகாரிகள் சொன்னார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. ‘உதவி செய்தால் மாட்டிக்கொள்வோம்’ என்பது மக்கள் மனதில் ஊறிப்போயிருந்தது.

2011 அக்டோபரில் ஃபோஷான் நகரச் சந்தைத் தெருவில் இரண்டு வயதுக் குழந்தை மீது வண்டி ஏறியது. கண்காணிப்பு கேமராவில் பதிவானபடி, 18 பேர் கடந்து போனார்கள். கடைசியில் தூக்கியது குப்பை பொறுக்கும் ஒரு பெண். குழந்தை பிழைக்கவில்லை. அன்றைக்கு சீனா முழுக்க எழுந்த கேள்வியும் இதேதான்: நம் பள்ளிகள் என்ன சொல்லித் தருகின்றன?

இதற்கு நடைமுறையில் ஒரு பதில் கிடைத்தது. ஆனால் அது பாடநூலிலிருந்து வரவில்லை. 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டப் பொதுவிதிகளின் 184-வது பிரிவு, அவசர நேரத்தில் தானாக முன்வந்து உதவுபவர், அதனால் ஏற்படும் பாதிப்புக்குப் பொறுப்பாக மாட்டார் என்று உறுதி சொன்னது. ‘பிறருக்கு உதவு’ என்று ஆசிரியர் சொல்வதற்கும், ‘உதவினால் சட்டம் உன்னைக் காக்கும்’ என்று சொல்வதற்கும் இடையே நிறைய தூரம் இருக்கிறது. இரண்டாவதைச் சொல்லும் ஆசிரியரின் பேச்சைத்தான் மாணவன் வீட்டுக்குக் கொண்டுபோவான்.

மாவீரன் படம் இறங்கிய கதை

எது நல்ல ஒழுக்கம் என்ற வரையறையே எப்படி மாறியது என்பதற்கு லாய் நிங் கதையைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். சிச்சுவான் மாகாணத்தில் 1988-ல் ஏற்பட்ட காட்டுத் தீயை அணைக்கப் போய் உயிரிழந்த 14 வயது மாணவன் அவன். 1989-ல் ‘லாய் நிங்கைப் போல் இரு’ என்று நாடு தழுவிய இயக்கமே நடந்தது. வகுப்பறைச் சுவர்களில் அவன் படம் தொங்கியது. 1963-ல் மாவோ தொடங்கிவைத்த லேய் ஃபெங் இயக்கத்தின் குழந்தைப் பதிப்பு என்றே சொல்லலாம்.

ஆனால் போகப் போக பெற்றோரும் கல்வியாளர்களும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். தீயை அணைக்க ஒரு குழந்தை போகலாமா? போனதைப் பாராட்டி மற்றக் குழந்தைகளையும் உசுப்பிவிடலாமா?

2015-ல் கல்வி அமைச்சகம் வெளியிட்ட புதிய மாணவர் நடத்தை விதிகளில் மொத்தம் ஒன்பது அம்சங்கள், 282 சீன எழுத்துகள். அதில் உயிரையும் பாதுகாப்பையும் பற்றிய ஒரு அம்சம் உண்டு: சிவப்பு விளக்கு எரிந்தால் நில், நீரில் மூழ்கும் ஆபத்தைத் தவிர், தீயோடு விளையாடாதே, தற்காத்துக்கொள்ளவும் உதவி கேட்கவும் தெரிந்துகொள். தீயில் குதித்தவன் முன்மாதிரியாக இருந்த நாட்டில், உதவி கேட்கத் தெரிவதும் நல்லொழுக்கமாகிவிட்டது. சத்தமில்லாமல் நடந்த மாற்றம், ஆனால் சின்ன மாற்றம் இல்லை.

அப்போ அரசியல் எங்கே வருகிறது?

வருகிறது, நன்றாகவே வருகிறது. 2012-ல் நடந்த கட்சியின் 18-வது மாநாடு, பண்பை ஊன்றி மனிதரை வளர்ப்பதே கல்வியின் அடிப்படைப் பணி என்று அறிவித்தது. அங்கிருந்து வேகம் கூடியது. 2014-ல் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் பேசிய அதிபர் ஷி ஜின்பிங், இளம் வயதில் விழுமியங்களை ஏற்பதைச் சட்டைக்குப் பொத்தான் போடுவதோடு ஒப்பிட்டார். முதல் பொத்தான் தப்பினால் மற்றதெல்லாம் தப்பிவிடும் என்பது சாரம். 2019 மார்ச்சில் அரசியல் கோட்பாட்டுப் பாட ஆசிரியர்களை அவரே அழைத்துக் கூட்டம் நடத்தினார். 2021 இலையுதிர் பருவத்தில் ஷி ஜின்பிங் சிந்தனை குறித்த மாணவர் வாசகநூல்கள் தொடக்கப் பள்ளியிலிருந்தே அறிமுகமாயின. 2024 ஜனவரி முதல் தேசபக்திக் கல்விக்குத் தனிச் சட்டமே இருக்கிறது.

2022-ல் வெளியான புதிய பாடத்திட்டத் தரநிலை, இந்தப் பாடத்தின் வழியே மாணவரிடம் ஐந்து திறன்கள் வளர வேண்டும் என்கிறது. அரசியல் அடையாளம், ஒழுக்கப் பண்பு, சட்ட உணர்வு, நலமான ஆளுமை, பொறுப்புணர்வு. வரிசையைக் கவனியுங்கள். முதலில் நிற்பது அரசியல்.

இங்கேதான் சிக்கல். ஒரே பீரியடிடம் இரண்டு வேலைகள் கேட்கப்படுகின்றன. ஒன்று, பக்கத்து பெஞ்ச் மாணவனை அடிக்காத, அடிவாங்குபவனைப் பார்த்தால் ஆசிரியரிடம் போய்ச் சொல்கிற ஒரு பிள்ளை வேண்டும். இன்னொன்று, கட்சியையும் நாட்டையும் தன்னுடையதாக நினைக்கிற குடிமகன் வேண்டும். இரண்டும் முரண்பட்டே ஆக வேண்டும் என்றில்லைதான். ஆனால் முதல் வேலைக்கு வகுப்பில் விவாதம் வேண்டும், தப்பான பதிலும் சொல்ல இடம் வேண்டும், மாணவன் தன் வீட்டுக் கதையைத் தயங்காமல் பேச வேண்டும். இரண்டாவதில் பதில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. 40 நிமிட வகுப்பில் எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. லூ ஜியே எதிலிருந்து பாடத்தை மீட்க நினைத்தாரோ, அதே ஒப்பிக்கும் பழக்கம் பின்வாசல் வழியாகத் திரும்பி வருகிறது.

மார்க் கொடுத்தால் மதிப்பு கூடுமா?

பாடத்துக்கு மதிப்பு கொடுக்கவில்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. 2022 திட்டப்படி ஒன்பது ஆண்டுக் கட்டாயக் கல்வியின் மொத்த வகுப்பு நேரத்தில் 6 முதல் 8 சதவீதம் இந்தப் பாடத்துக்கு. ஆங்கிலம் உள்ளிட்ட அந்நிய மொழிக்கும் அதே 6 முதல் 8 சதவீதம்தான். பெய்ஜிங் இன்னும் ஒரு படி மேலே போனது. உயர்நிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வில் மதிப்பெண் கணக்கில் வரும் பாடங்கள் பத்திலிருந்து ஆறாகக் குறைக்கப்பட்டு, 2025-லிருந்து மொத்தம் 510 மதிப்பெண் என்று மாற்றியது. வரலாறு, புவியியல், வேதியியல், உயிரியல் எல்லாம் அந்தக் கூட்டலிலிருந்து போயின. சீனமொழி, கணிதம், அந்நிய மொழி, இயற்பியல், உடற்கல்வியோடு தங்கியது ஒழுக்கப் பாடம், 80 மதிப்பெண்ணுடன்.

நடுநிலைப் பள்ளி முடிக்கும் மாணவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரைப் பொதுக் கல்விக்கும் மீதியைத் தொழிற்கல்விக்கும் பிரித்துவிடும் கொள்கை நெடுங்காலம் இருந்த நாடு அது. இந்தத் தேர்வில் ஒரு மார்க் என்பது சும்மா இல்லை, எந்தப் பள்ளி என்பதையே அது முடிவு செய்யும். இதனால் விளைவு எதிர்பார்த்தபடியே இருக்கிறது. பல ஊர்களில் ஒழுக்கப் பாடத்துக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வுதான். எந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம், எந்தச் சொல்லைப் போட்டால் முழு மார்க் என்பதையே பயிற்சியாக்கிவிடுகிறார்கள். மாணவரின் ஒட்டுமொத்த ஆளுமையை மதிப்பிட வைத்திருக்கும் பதிவேட்டில் தன்னார்வச் சேவைக்கும் இடம் உண்டு. சேவைக்குக் கணக்கு வந்ததும், கணக்குக்காகச் சேவை என்ற புகாரும் கூடவே வந்தது.

தொடக்கப் பள்ளிகளில் நிலைமை வேறு. அங்கே இந்தப் பாடத்தைப் பெரும்பாலும் நடத்துவது சீனமொழி ஆசிரியரோ வகுப்பு ஆசிரியரோதான், கூடுதல் பொறுப்பாக. முழுநேர ஆசிரியர்களை நியமியுங்கள் என்று 2019-ல் அமைச்சகம் அறிவுறுத்தியதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது. சீனப் பள்ளியின் வகுப்பு ஆசிரியர் என்பவர் வருகைப் பதிவேடு எடுப்பவர் மட்டும் அல்ல. சண்டை, காதல், பெற்றோர் போன், விடுதிச் சாவி வரை எல்லாம் அவர் தலையில். ஒரு வகுப்பில் 56 பேருக்கு மேல் இருந்தால் ‘பெரிய வகுப்பு’, 66-ஐத் தாண்டினால் ‘மிகப் பெரிய வகுப்பு’ என்று அதிகாரபூர்வமாகப் பெயர் வைத்து ஒழிக்க வேண்டியிருந்த நாட்டில், ஒரு மாணவன் ஓரமாக ஒதுங்கி நிற்பதைக் கவனிக்க அவருக்கு நேரம் எங்கே?

தக்காளி முட்டைப் பொரியலும் ஒழுக்கம்தான்

2022 திட்டத்தில் உருப்படியான ஒன்று, பெரிய வார்த்தைகள் இல்லாத ஒரு மூலையில் இருக்கிறது: வாரத்துக்கு ஒரு பீரியடாவது ‘உழைப்பு’ப் பாடம். முதல் இரண்டு வகுப்புகளில் காய் கழுவுவது, பழம் தோல் சீவுவது. ஐந்து, ஆறாம் வகுப்பில் தக்காளி போட்ட முட்டைப் பொரியல், எலும்பு சூப் என்று இரண்டு மூன்று பதார்த்தம் செய்யத் தெரிய வேண்டும். நடுநிலைப் பள்ளியில் குடும்பத்துக்கு மூன்று வேளைச் சாப்பாட்டையே திட்டமிட வேண்டும். ‘பரீட்சைக்குப் படிக்க நேரம் இல்லை, இதில் சமையலா?’ என்று சில பெற்றோர் அலுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை ஒப்பிக்காமல் செய்தே ஆகவேண்டிய இடம் இது. பெய்ஜிங் பள்ளிகள் 2024 இலையுதிர் பருவத்திலிருந்து இடைவேளையை 15 நிமிடமாக நீட்டியதும் இதே ரகம். பிள்ளைகள் சண்டை போட்டு, சமாதானமாகிக் கற்றுக்கொள்வதற்கும் நேரம் வேண்டுமே.

எந்த வாழ்க்கைக்குத் திரும்புவது?

மறுபடியும் 2001-க்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு சீன அமைச்சரவை வெளியிட்ட அடிப்படைக் கல்விச் சீர்திருத்த முடிவில், பாடத்திட்ட மாற்றத்தோடு இன்னொரு விஷயமும் இருந்தது: கிராமப்புறப் பள்ளிகளின் இருப்பிடங்களை மாற்றி அமைப்பது. நடைமுறையில் அதற்கு அர்த்தம், சின்ன ஊர்ப் பள்ளிகளை மூடி, நகரியத்துப் பெரிய பள்ளிகளோடு இணைப்பது. பத்து ஆண்டுகளுக்கு மேல் இது மளமளவென நடந்தது. 2012-ல் அரசே கடிவாளம் போட வேண்டியதாயிற்று. அதற்குள் ஏராளமான குழந்தைகள் தொடக்கப் பள்ளி வயதிலேயே விடுதிக்குப் போய்விட்டார்கள். பெற்றோர் ஏற்கெனவே தொழிற்சாலை நகரங்களில். 2016-ல் சீனக் குடிமை விவகார அமைச்சகம் எடுத்த கணக்கில், பெற்றோர் இருவரும் வெளியூரில் இருக்கும், அல்லது ஒருவர் போய்விட இன்னொருவரால் கவனிக்க முடியாத 16 வயதுக்குட்பட்ட கிராமப்புறக் குழந்தைகள் மட்டுமே 90 லட்சத்துக்கும் மேல்.

ஒழுக்கம் குழந்தையின் அன்றாட வாழ்க்கையிலிருந்து வளர வேண்டும் என்று பாடத்திட்டம் சொன்ன அதே காலத்தில், அந்த அன்றாட வாழ்க்கை பெயர்த்தெடுக்கப்பட்டது. பாடநூலில் அப்பா, அம்மா, சாப்பாட்டு மேசை. படிக்கிற பிள்ளைக்கு விடுதிக் கட்டிலும் வார இறுதிப் போன் அழைப்பும். 2022 ஜனவரியில் அமலான குடும்பக் கல்வி ஊக்குவிப்புச் சட்டம், பிள்ளைக்கு ஒழுக்கம் கற்பிக்கும் பொறுப்பைப் பெற்றோரிடம் கொடுக்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஷிஃப்ட் வேலையில் இருக்கும் தகப்பன் அதை எப்படிச் செய்வான் என்பதற்கு அந்தப் பெயரளவு ஊக்குவிப்பு போதாது. நகரப் பள்ளிகளில் சேர அவன் பிள்ளைக்குக் குடும்பப் பதிவு முறை போடும் தடைகளும் அப்படியே இருக்கின்றன.

அதிர்ச்சி, அறிக்கை, மறுபடி அதிர்ச்சி என்ற சுழற்சி சீனாவுக்குப் புதிதல்ல. 2000 ஜனவரியில் செஜியாங் மாகாணத்தின் ஜின்ஹுவா நகரில், மார்க் நெருக்கடி தாங்காமல் ஒரு உயர்நிலைப் பள்ளி மாணவன் தன் தாயையே கொன்றான். இரண்டே வாரத்தில் அன்றைய அதிபர் ஜியாங் ஜெமின் கல்வி பற்றி ஆற்றிய உரையில் அந்தச் சம்பவத்தைக் குறிப்பிட்டார். மாணவர் சுமைக் குறைப்பு உத்தரவுகளும், 2004-ல் சிறார் ஒழுக்கம் குறித்த கட்சி, அமைச்சரவைக் கூட்டு அறிவிப்பும் தொடர்ந்தன. 2021-ல் டியூஷன் மையங்களையே ஒடுக்கிய ‘இரட்டைச் சுமைக் குறைப்பு’ வரை அதே முயற்சிதான். நுழைவுத் தேர்வு என்ற வடிகட்டி மட்டும் எடுக்கப்படவில்லை.

இனி என்ன?

திருத்தப்பட்ட புதிய ஒழுக்கப் பாடநூல்கள் 2024 இலையுதிர் பருவத்தில் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி இரண்டின் முதல் வகுப்புகளிலும் அறிமுகமாகின. மூன்று ஆண்டுகளில் எல்லா வகுப்புகளுக்கும் என்பது திட்டம்.

ஹன்டான் வழக்கில் 2024 டிசம்பர் 30 அன்று தீர்ப்பு வந்தது. கடுமையான குற்றங்களில், உச்ச மக்கள் வழக்குத் தொடுப்பு அலுவலகத்தின் ஒப்புதலோடு 12 வயதுக்கு மேற்பட்டவர்களையும் விசாரிக்கலாம் என்று 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் அதில் பயன்பட்டது. ஒருவனுக்கு ஆயுள் தண்டனை. இரண்டாமவனுக்கு 12 ஆண்டு சிறை. மூன்றாமவனுக்குக் குற்றவியல் தண்டனை இல்லை; சிறப்புச் சீர்திருத்தக் கல்விக்கு அனுப்பப்படுகிறான். இத்தகைய மாணவர்களுக்கான தனிப் பள்ளி முறை சீனாவில் 1955-ல் பெய்ஜிங்கில் தொடங்கியது. அங்கேயும் அவனுக்கு ஒழுக்கப் பாடம் உண்டு.